அளவுச் சங்கிலியும் மின்சங்கிலியும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலப் பதிவேடும் அதற்கான நிதியும்

1. பத்திரப் பதிவும் உரிமைப் பதிவும்

நில அளவையில் நெடுங்காலம் புழங்கிய கன்டர் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலிப் பரப்பு ஓர் ஏக்கர். வரப்போடு இந்தச் சங்கிலியை இழுத்து, முனைகளில் கல் நட்டு, புலப்படம் வரைந்து, யாருடைய அனுபோகம் என்று ஊராரை விசாரித்து எழுதியதே நிலப் பதிவேடு. அந்தப் பதிவேட்டைக் காப்பதற்கு இன்று இன்னொரு சங்கிலி முன்வைக்கப்படுகிறது. அதுதான் பிளாக்செயின். வளரும் நாடுகள் தங்கள் நிலப் பதிவைப் பிளாக்செயினுக்கு மாற்ற வேண்டும், அரசுகளும் பன்னாட்டு நிதி நிறுவனங்களும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற கருத்து 2015 முதல் வலுப்பெற்று வந்துள்ளது. அந்தப் பணம் எந்தச் சங்கிலிக்கு முதலில் சேர வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நில வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

இந்தியாவில் நடப்பது பத்திரப் பதிவு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் நேரில் வந்து கையெழுத்திட்டார்கள் என்பதைச் சார்பதிவாளர் உறுதி செய்கிறார். விற்றவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் வாங்குபவர் தாய்ப்பத்திரத்தைத் தேடுகிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார், வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்கிறார். பட்டாவும்கூட முதன்மையாக வரி வசூலுக்கென உருவான ஆவணம். உரிமைக்கு அது ஒரு சான்றாகும், ஆனால் முடிந்த முடிவாகாது.

இதற்கு மாறானது உரிமைப் பதிவு. ஏட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று அரசு உறுதி கூறும் முறை அது. தென் ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டோரன்ஸ், கப்பல்களின் உரிமை பதியப்படும் விதத்தைப் பின்பற்றி நிலத்துக்கும் அப்படி ஓர் ஏட்டை வகுத்தார். அவர் கொண்டுவந்த சட்டம் 1858இல் நிறைவேறியது. போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியதும் அதே 1858இல்தான். ஒரு கடற்கரையில் நிலவுரிமைக்கு அரசு உத்தரவாதம் தரத் தொடங்கிய ஆண்டில், இன்னொரு கடற்கரையில் நிலம் முழுவதையும் அரசே தன்னுடையதாக்கிக்கொள்ளும் வரலாறு தொடங்கியது.

2. பிளாக்செயின் இயங்கும் விதம்

ஒவ்வொரு பதிவிலிருந்தும் கணக்கீட்டு முறையால் ஒரு குறியீட்டுச் சரம் பெறப்படுகிறது. மனிதருக்கு விரல்ரேகை எப்படியோ, ஆவணத்துக்கு இந்தச் சரம் அப்படி. ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் மாறிவிடும். பல பதிவுகள் சேர்ந்தது ஒரு தொகுப்பு. ஒவ்வொரு தொகுப்பும் தனக்கு முந்தைய தொகுப்பின் விரல்ரேகையைத் தன்னுள் தாங்கியிருப்பதால் தொகுப்புகள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. இந்தச் சங்கிலியின் படிகள் பல கணினிகளில் இருக்கும். நடுவில் ஒரு கண்ணியை எவரேனும் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள கண்ணிகள் பொருந்தாமல் போகும். மற்றப் படிகள் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின், எவரும் சேரக்கூடிய திறந்த சங்கிலி. நிலப் பதிவுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது அனுமதி பெற்றவர் மட்டும் எழுதக்கூடிய சங்கிலி. வருவாய்த் துறை, பதிவுத் துறை, நீதிமன்றம், வங்கி ஆகியவை ஆளுக்கொரு படியை வைத்திருக்கும். எந்த அலுவலர் எந்த நாளில் எந்த மாற்றத்தைச் செய்தார் என்பது அழியாமல் நிற்கும். பழைய தேதியிட்டுப் பதிவைப் புகுத்துவதும், ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்தெடுப்பதும் முடியாத காரியங்களாகிவிடும்.

இதன் எல்லையும் இங்கேயே தொடங்குகிறது. சங்கிலி, பதிவு ஏறிய பிறகு நிகழும் மோசடியைத் தடுக்கும். ஏறும்போதே தவறாக இருந்த பதிவைச் சரியான பதிவைப் போலவே பத்திரமாகக் காக்கும். எல்லைக்கல் நகர்த்தப்பட்டதை அது அறியாது. இறந்தவருக்கு ஒரு மகளும் உண்டு என்பதை வாரிசுச் சான்றில் மறைத்திருந்தால் அதையும் அறியாது. பதிவு ஏறிய நேரத்தை நொடிக்கணக்கில் சொல்லும், ஆனால் குடும்பம் அந்த நிலத்துக்கு எந்த ஆண்டில் வந்தது என்று சொல்ல அதனால் இயலாது.

3. தீவுகளில் நிலவுரிமை உருவான விதம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,80,581. ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். ஆக, மக்கள் பயிரிடவும் குடியிருக்கவும் கிடைப்பது மிகக் குறுகிய நிலம். அந்த நிலத்துக்கான உரிமை பல அலைகளாக வந்து படிந்தது.

முதல் அலை கைதிகள். தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை நன்னடத்தையோடு கழித்தவர்கள் தாமே உழுது பிழைக்க நிலம் பெற்றார்கள். அது கொடுத்த அரசே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமம். 1942க்கு முன்பே அங்கிருந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ‘ப்ரீ-42’ என்ற பெயரால் அறியப்படுகிறார்கள். விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 ஏக்கர் வழங்கப்பட்டது. அதில் 5 ஏக்கர் நெல் விளையும் சமநிலம், 5 ஏக்கர் வீட்டுக்கும் தோட்டத்துக்குமான மேட்டுநிலம். திக்லிப்பூர், மாயாபந்தர், ரங்கத், ஹேவ்லாக் ஆகிய பகுதிகளின் ஊர்கள் பல இப்படிப் பிறந்தவை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்டார்கள். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியேறின.

இவ்வுரிமைகளுக்கெல்லாம் சட்ட வடிவம் தந்தது 1966ஆம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை. தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கே உரியது என்பது அதன் அடிப்படை. அரசு எழுதிக்கொடுத்தாலொழிய, நெடுங்கால அனுபோகத்தாலோ கைமாற்றத்தாலோ எவருக்கும் உரிமை பிறக்காது. நிலம் வைத்திருப்போர் அனுபோகக் குத்தகையாளர், அனுபோக உரிமையற்ற குத்தகையாளர், மானியம் பெற்றவர், உரிமம் பெற்றவர் என்று வகைப்படுத்தப்படுகிறார்கள். தமிழ்நாட்டு விவசாயி ‘பட்டா நிலம்’ என்று சொல்லும்போது உள்ள உறுதி இந்தப் பெயர்களில் இல்லை.

ஆகவே இத்தீவுகளில் கள்ளப் பத்திரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: அரசின் ஏட்டில் இடம்பெறுவதே. ஒதுக்கீடு பெற்றவர்களின் பிள்ளைகளும், வேலை தேடிப் பின்னாளில் வந்தவர்களும் காட்டோரத்தில் குடிசை போட்டார்கள். 1978க்கு முன் வந்தவர், பின் வந்தவர் என்ற கோட்டை வைத்து அவர்களுடைய உரிமை முடிவு செய்யப்பட்டது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, காட்டு ஆக்கிரமிப்புகளை அகற்றப் பணித்தது. காட்டையும் காட்டு மக்களையும் காக்க அந்த ஆணை தேவைப்பட்டது. ஆனால் ஒரு குடும்பம் 1977இல் வந்ததா, 1979இல் வந்ததா என்பதற்குப் பழைய ரேசன் அட்டையும் அண்டைவீட்டார் வாக்குமூலமும் தவிர வேறு என்ன சான்று இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விசாரணை அலுவலர்தான் தேவை. எவ்வளவு நுட்பமான மின்னேடும் அவருக்கு ஈடாகாது.

4. நிலம் நகர்ந்த தீவுகள்

2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிலப் பதிவேட்டின் அடித்தளத்தையே அசைத்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. டிரிங்கட் தீவு துண்டுபட்டது. தெற்கு அந்தமானில் சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் நிலையாகத் தங்கிவிட்டது. வடக்கு அந்தமானிலோ தரை உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேல் தலைகாட்டின. இவற்றோடு தீவுகளின் தரை தென்மேற்காகச் சில மீட்டர் நகர்ந்தது.

ஏட்டில் 5 ஏக்கர் நெல்வயல் என்றிருப்பது தரையில் அலையாத்தி வளரும் சேற்றுப்பரப்பாக இருந்தால் அந்தக் குடும்பத்தின் உரிமை என்ன? மாற்றுநிலம் கிடைக்குமா, பழைய எண் ரத்தாகுமா, புதிதாக வெளிப்பட்ட கரை யாருக்குச் சேரும்? இவை சட்டமும் நிர்வாகமும் விடை சொல்ல வேண்டிய கேள்விகள்.

நாடு முழுவதும் நிலத்துண்டுகளுக்கு இப்போது 14 இலக்கத் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. ‘பூ-ஆதார்’ என்று வழங்கும் இந்த எண், நிலத்தின் முனைகளுடைய அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளிலிருந்து பெறப்படுகிறது. ஊர்ப்பெயர் மாறினாலும் எண் மாறாது என்பது இதன் நன்மை. 2018இல் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும் நீல் ஷகீத் தீவாகவும், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாகவும் பெயர் மாற்றப்பட்டதை நினைத்தால் இந்த நன்மை விளங்கும். ஆனால் பெரும் நிலநடுக்கத்தில் முனைகளே நகரும் தீவில், மாற்ற முடியாதபடி பூட்டப்பட்ட அளவு தவறான அளவாகிவிடும். இங்கே வேண்டியது, பழைய அளவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, எந்தக் காரணத்தால், எவர் ஆணைப்படி புதிய அளவு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஏடு. பிளாக்செயினை அப்படி அமைக்க முடியும். மறு அளவைக்கும் பணம் ஒதுக்கினால்தான் அதனால் பயன் உண்டு.

5. ஒருவர் பெயரில் அடங்காத நிலம்

நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினரான நிக்கோபாரிகளின் நிலம் துஹெத் என்னும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியது. தென்னந்தோப்பும் தோட்டமும் பன்றிகளும் அந்தக் கூட்டின் உடைமைகள். துஹெத்தின் மூத்தவர் அவற்றைப் பேணிப் பங்கிடுவார். விற்பனைச் சரக்காக நிலத்தைக் காணும் பழக்கம் இதில் இல்லை. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, பழங்குடிப் பகுதிகளில் வெளியார் நிலம் பெறுவதைத் தடுக்கிறது. அதே ஒழுங்குமுறையின் கீழ்தான் ஜாரவா மக்களின் காப்புநிலமும் அறிவிக்கப்பட்டது.

ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணத் தொகையும் நிலையான வீடுகளும் தனிக்குடும்பக் கணக்கில் வழங்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு வந்த அந்தப் பணம், துஹெத்தின் ஒற்றுமையைத் தளர்த்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நிதி எந்த வழியாக வருகிறதோ அந்த வழியே உரிமையின் வடிவத்தையும் மாற்றிவிடும் என்பதற்கு இது வருந்தத்தக்க சான்று. ஒரு நிலத்துண்டு, ஓர் உரிமையாளர், அவர் ஒப்புதலைக் காட்டும் ஒரு மின்திறவுகோல் என்ற கணக்கில் எழுதப்படும் மென்பொருள் இதே தவற்றை மீண்டும் செய்யும். இலங்கையில் 1998ஆம் ஆண்டு உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் 2007 முதல் நடந்த ‘பிம் சவிய’ திட்டமும், பலர் பிரிக்காமல் ஆண்டுவரும் கூட்டுரிமை நிலங்களில்தான் இடர்ப்பட்டது.

இன்னொரு மௌனமும் பதிவேட்டில் உண்டு. பெரிய நிக்கோபாரின் கடலோர ஊர்களிலிருந்து 2004இல் வெளியேறிய நிக்கோபாரிகள் முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். முன்னோர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களுடைய நீண்டநாள் வேண்டுகோள். ஆளில்லாத நிலம் என்று ஏடு சொல்லக்கூடிய இடத்தைத் தங்கள் மூதாதையர் மண் என்று அவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கூற்றை அவர்களுடைய மொழியில் கேட்டு எழுதாமல் பூட்டப்படும் எந்த ஏடும் அநீதியை நிலைப்படுத்தும்.

6. பிற நாடுகள் கற்பித்தவை

2015இல் ஹோண்டுராஸ் நாட்டின் நிலப் பதிவைப் பிளாக்செயினில் ஏற்ற ஃபாக்டம் நிறுவனம் முன்வந்தது. உலகெங்கும் அது செய்தியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் தேங்கிவிட்டது. பதிவேட்டைத் திறந்துவைக்கும் அரசியல் உறுதி இல்லாத இடத்தில் தொழில்நுட்பத்தால் அதைக் கொண்டுவர முடியவில்லை.

ஜார்ஜியாவின் பொதுப் பதிவு முகமை 2016இல் பிட்ஃபியூரி நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. நில ஆவணங்களின் விரல்ரேகைகள் அனுமதிச் சங்கிலி ஒன்றில் சேர்க்கப்பட்டு, அதன் சுருக்கம் பிட்காயின் சங்கிலியில் பதிக்கப்பட்டது. பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட உரிமை ஆவணங்கள் இவ்வாறு ஏறின. இந்த வெற்றிக்குப் பின்புலம் உண்டு. 2004இல் அந்த முகமை அமைக்கப்பட்டதிலிருந்தே நிலப் பதிவு சீர்திருத்தப்பட்டு, ஊழல் குறைக்கப்பட்டு, ஏடுகள் கணினிக்கு மாறியிருந்தன. கட்டி முடித்த வீட்டுக்கு அந்நாடு கடைசியாக ஒரு நல்ல பூட்டை வாங்கியது.

ருவாண்டா இன்னொரு வழியில் சென்றது. 2009 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளை வான்படங்களின் துணையோடு எல்லை குறித்துப் பதிந்தது. உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று, அண்டை நிலத்தவர் முன்னிலையில் எல்லையைக் கேட்டுக் குறித்தார்கள். மனைவியின் பெயரும் ஏட்டில் ஏறியது. பிரிட்டனின் உதவி நிதி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஒரு துண்டுக்கு ஆன செலவு 10 டாலருக்கும் குறைவு. பிளாக்செயின் இல்லாமலேயே இது நடந்தது. ஆயினும் முதற்பதிவு முடிந்த பின், விற்பனையும் வாரிசுரிமையும் பதியப்படாமல் கைமாறும் நிலங்கள் பெருகின. முதற்பதிவுக்குக் கொடையாளர்கள் கொடுத்தார்கள். அன்றாடப் பராமரிப்புக்கு யார் கொடுப்பது என்பது தீராத கேள்வியாக நின்றது.

7. இந்தியாவில் நிதி வரும் வழிகள்

நாட்டின் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் தேசியத் திட்டம் 2008இல் தொடங்கி, 2016 முதல் டிஜிட்டல் இந்தியா நிலப் பதிவேடு நவீனமயமாக்கல் திட்டம் என்ற பெயரில் முழுவதும் மத்திய அரசின் நிதியால் நடைபெறுகிறது. 2021–22 முதல் 2025–26 வரை ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுமைக்குமான ஒதுக்கீடு 875 கோடி ரூபாய். ஊரகக் குடியிருப்பு மனைகளை டிரோன் வழி அளந்து உரிமை அட்டை வழங்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020இல் தொடங்கியது. அதன் ஒதுக்கீடு 566.23 கோடி. அந்தமான் நிக்கோபாரில் குடியிருப்புள்ள கிராமங்களுக்கு இந்த அட்டைகள் தயாராகிவிட்டன. தேசியப் பொது ஆவணப் பதிவு முறை என்னும் மென்பொருளும் இங்கே புழக்கத்தில் உள்ளது.

பிளாக்செயினிலும் முயற்சிகள் நடந்துள்ளன. ஆந்திரப் பிரதேசம் 2017இல் சுவீடனின் குரோமாவே நிறுவனத்தோடு நிலப் பதிவுக்கான முன்னோட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டு, ‘நம்பிக்கை இணையம்’ என்ற அரசுச் சங்கிலியை உருவாக்கியது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் ‘விஸ்வஸ்யா’ என்ற பொதுத் தளத்தை அறிமுகம் செய்தது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் ஒன்றியப் பகுதியும் தனியார் நிறுவனத்திடம் தனித்தனியாக விலை கொடுத்துச் சங்கிலி வாங்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் இழைக் கம்பிவடம் இடப்பட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான், ரங்கத் ஆகியவை இதனால் இணைக்கப்பட்டன. பல இடங்களில் படிகளை வைத்திருக்கும் சங்கிலிக்கு இந்த இணைப்பே முதல் தேவை. நாடு முழுவதன் நிலப் பதிவேட்டுக்கு ஐந்தாண்டுகளில் ஒதுக்கிய தொகையைவிட இந்த ஒரு வடத்தின் செலவு அதிகம். தொழில்நுட்பத்துக்கான பெருஞ்செலவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. குறைவாக இருப்பது, நிலத்தையும் மனிதரையும் நேரில் காண்பதற்கான பணம்.

8. செலவின் முறைவரிசை

இவற்றிலிருந்து நிதிக்கு ஒரு முறைவரிசை பிறக்கிறது.

முதலாவது மறு அளவை. 2004இல் தாழ்ந்த, உயர்ந்த, மூழ்கிய நிலங்கள் அனைத்தும் புதிதாக அளக்கப்பட்டு, பழைய புலப்படத்தோடு ஒப்பிடப்பட வேண்டும்.

இரண்டாவது விசாரணை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கேம்ப்பெல் பேக்குக் கப்பலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வுக்கு வர வேண்டும். ஆகவே தாசில்தாரும் பட்வாரியும் அளவையரும் ஊருக்கு வந்து, தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி பேசுவோரை அவரவர் மொழியில் கேட்கும் முகாம்களுக்குப் படகு, ஆள், மொழிபெயர்ப்பாளர் என்று தனி ஒதுக்கீடு வேண்டும். எழுதிய பதிவு ஊர்நடுவே படித்துக் காட்டப்பட்டு, மறுப்புக்குக் காலம் தரப்பட வேண்டும்.

மூன்றாவது சட்டம். துஹெத்தைக் கூட்டு உரிமையாளராகவே ஏட்டில் ஏற்கும் வகையும், உரிமம் பெற்றவரின் வாரிசுக்குத் தெளிவான வழியும் வேண்டும். பழங்குடிப் பேரவைகளின் ஒப்புதல் இதில் முதன்மையானது.

நான்காவதாகவே பிளாக்செயின். அரசின் பொதுத் தளத்தில், ஆவணங்களின் விரல்ரேகையை மட்டும் ஏற்றினால் போதும். ஆவணமும் தனிப்பட்ட விவரங்களும் அரசுக் கிடங்கில் இருக்கும். நீதிமன்ற ஆணைப்படி திருத்தம் செய்யும் வழியும், மின்திறவுகோலைத் தொலைத்தவரும் இறந்தவரின் வாரிசும் அடையாளம் காட்டி உரிமையைத் தொடரும் வழியும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட வேண்டும். ஒரு படி தீவிலும், ஒரு படி தலைநிலத்திலும் இருப்பது பேரிடரில் ஏட்டைக் காக்கும். நிலநடுக்கப் பகுதியில் இந்த ஒரு நன்மைக்காகவே சங்கிலி வரவேற்கத்தக்கது.

ஐந்தாவது ஆண்டுதோறும் பராமரிப்பு. பெரிய மாநிலங்களில் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். 2011 கணக்கெடுப்பில் நாலு லட்சம் பேரைக்கூட எட்டாத, நிலக் கைமாற்றம் கட்டுப்படுத்தப்பட்ட தீவுகளில் கட்டண வருவாய் இச்செலவைத் தாங்காது. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதியாதலால் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு நிலையான ஒரு தலைப்பு இருக்க வேண்டும். திட்டக்காலம் முடிந்ததும் நின்றுபோகும் பணத்தால் ஏடு வாழாது.

பயனை அளக்கும் அளவுகோலும் இந்த வரிசைக்கு ஏற்ப அமைய வேண்டும். சங்கிலியில் ஏறிய பதிவுகளின் எண்ணிக்கை எளிதில் உயரும். தீர்ந்த எல்லைத் தகராறுகள், வாரிசு பெயருக்கு மாறிய நிலங்கள், ஏட்டில் ஏறிய பெண்களின் பெயர்கள், கடலில் நிலம் இழந்து மாற்றுநிலம் பெற்ற குடும்பங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையே நிதி தருபவர் கேட்க வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கு சரியாக எழுதப்பட்ட ஏட்டை மின்சங்கிலி காக்கும். எழுதும் பணி வயலிலும் கரையிலும் அளவுச் சங்கிலியோடு நடக்க வேண்டியது.